கரையலையில் அணைந்த எஞ்சின்

டாக்டர் தயாபரன் கடலில் மூழ்கிச் சாக வேண்டும் என்று ஆசைப்பட்டவள் நான். கோபத்தில் வாய்க்கு வந்தபடி சொல்கிற பேச்சில்லை இது. அவர் எந்த இடத்தில், எந்த அலையில் கவிழ்வார் என்று கணக்கே போட்டு வைத்திருந்தேன். கணக்குப் போடுவதுதான் என் வேலை. அந்த வேலையைக் கொடுத்தவரும் அவர்தான்.

நீலவாகை மரைன் என்பது எங்கள் கம்பெனி. மீன்பிடி வள்ளங்களின் பின்னால் தொங்குமே, மண்ணெண்ணெயில் ஓடும் டூ-ஸ்ட்ரோக் எஞ்சின், அதுதான் எங்கள் சரக்கு. எஞ்சினுக்குள் வாயு எப்படி ஓடுகிறது என்பதைக் கம்ப்யூட்டரில் ஓடவிட்டுப் பார்த்து, புகையைக் குறைக்க வழி சொல்வது என் பொறுப்பு. தயாபரன் தலைமை விஞ்ஞானி. நல்ல மூளைக்காரர், நல்ல பேச்சுக்காரர். கடலில் எண்ணெய்ப் படலம் மிதப்பதைப் பார்த்தால் உண்மையிலேயே வயிறெரிவார். அதையும் நான் மறைக்கப்போவதில்லை.

என் அண்ணன் ரெமிஜியுஸ் அந்த எஞ்சினை நம்பிப் பிழைத்தவன். திருச்செந்தூருக்குத் தெற்கே புன்னைத்துறை எங்கள் ஊர். ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து உட்கார்ந்தவன், ஊரெல்லாம் கேட்கிறார்கள், நீ அப்படி என்னதான் பார்க்கிறாய் என்றான். சொன்னேன். இந்த எஞ்சினில் புதுக்கலவை உள்ளே வரும் வாசலும், எரிந்த புகை வெளியே போகும் வாசலும் ஒரே சமயத்தில் திறந்திருக்கும். புதுசு உள்ளே வந்து பழசை வெளியே தள்ள வேண்டும். ஆனால் புதுசிலேயே ஒரு பங்கு எரியாமல் பழசோடு சேர்ந்து ஓடிவிடும். கடலில் மிதப்பது அதுதான்.

"நம்ம திருவிழாக் கூட்டம் மாதிரியில்லா இருக்கு," என்றான். "முன்வாசல் வழியா வந்து, மாதாவைப் பாக்காமலே பக்கவாசல் வழியாப் போயிருதானுவ. அப்படித்தானட்டி?"

அதைவிடச் சரியாக யாரும் சொல்லிவிட முடியாது. அந்தப் பக்கவாசலில் எத்தனை பேர் ஓடுகிறார்கள் என்று எண்ணுவதற்காகத்தான் நிழல் வந்தது.

எஞ்சின் தலையில் ஒரு கார்டு. நிஜ எஞ்சின் ஓடும்போதே அந்தக் கார்டுக்குள் இன்னொரு எஞ்சின் வெறும் கணக்காக ஓடும். அதற்குத்தான் நிழல் என்று பெயர். புகைக்குழாயில் அளவுக்கருவி வைத்தால் உப்புக்காற்று சீக்கிரமே அரித்துவிடுகிறது. ஆகவே அளப்பதற்குப் பதில் கணக்குப் போடுவது என்று முடிவானது. உள்ளே அழுத்தம் எவ்வளவு, சூடு எவ்வளவு, காற்று எவ்வளவு என்று வாங்கிக்கொண்டு, எரியாமல் தப்பிய எண்ணெய் எவ்வளவு என்று நிழல் சொல்லும். எல்லை மீறினால் நிஜ எஞ்சினை அணைத்துவிடும். சூடு இறங்கும்வரை மறுபடி ஓடவும் விடாது. நிழல் இல்லாத எஞ்சின் கடலில் இறங்கக்கூடாது என்று தயாபரன் எழுதிக்கொடுத்தபடியே சட்டம் வந்தது. தகராறு என்று வந்தால் நிழல் சொன்னதே சாட்சி என்றும் அந்தச் சட்டத்தில் எழுதியிருந்தது. அன்றைக்கு நானும் கைதட்டினேன்.

நாங்கள் எல்லாவற்றையும் சோதித்தோம். லேபில் பெரிய தொட்டி கட்டி, எஞ்சினைப் பெட்ரோலில் கிளப்பி, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி, மணிக்கணக்கில் ஓடவிட்டு, முடிந்ததும் பொத்தானை அமுக்கி அணைத்துவிட்டுச் சாப்பிடப் போனோம். கடலில் யாரும் அப்படி அணைப்பதில்லை. கரைக்குத் திரும்பும்போது, அலை உடைகிற இடத்துக்குச் சற்று முன்னால், எண்ணெய்க் குழாயின் திருகைத் திருப்பி மறுபடி பெட்ரோலுக்கு மாற்றுவார்கள். கரையலையில் ஏறி இறங்க மண்ணெண்ணெயின் இழுப்புப் போதாது. தவிரவும் மறுநாள் எஞ்சின் கிளம்ப வேண்டுமென்றால் உள்ளே பெட்ரோல் நிற்க வேண்டும். எங்கள் கரையில் இதை யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுப்பதில்லை. சாப்பிட்டுவிட்டுக் கை கழுவுவது போல அது ஒரு பழக்கம். எங்கள் கணக்கில் மட்டும் அது இல்லை.

திருகைத் திருப்பினால் கொஞ்ச நேரத்துக்கு இரண்டு எண்ணெயும் கலந்து உள்ளே போகும். நிழலுக்கு அது தெரியாது. மண்ணெண்ணெய் என்று நினைத்துக் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும்போது உள்ளே அழுத்தம் வேறு மாதிரி இருக்கும். கணக்கில் உதைக்கிற மிச்சத்தையெல்லாம் தப்பிய எண்ணெய் என்று எழுதிவிடும். மெதுவாகப் போகும்போது இதனால் எஞ்சின் ஒரு விக்கல் விக்கும், அவ்வளவுதான். வேகத்தில் மாற்றினால் என்ன ஆகும் என்று அப்போது யாருக்கும் அனுபவமில்லை.

அந்த விக்கலைப் பற்றிச் சொல்லத்தான் ரெமிஜி எங்கள் ஆபீஸுக்கு வந்தான். கூடவே அவனோடு தொழிலுக்குப் போகிற ததேயு அண்ணனும் வந்தார். தயாபரன் இருவரையும் உட்காரவைத்து, டீ வரவழைத்து, பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். அவர்கள் போன பிறகு நான் கணக்கை ஓட்டிப் பார்த்தேன். முழு வேகத்தில் திருகைத் திருப்பினால் நிழல் எஞ்சினை அணைத்துவிடும் என்று வந்தது. அடுத்த வாரமே திருத்தமும் எழுதிவிட்டேன். எண்ணெய் மாறுவதை நிழலே அடையாளம் கண்டு, கலந்த எண்ணெய்க்கும் கணக்குப் போடும்படியான சின்னத் திருத்தம். தயாபரனிடம் எடுத்துக்கொண்டு போய்க் காட்டினேன். அவர் திரையில் முழுவதையும் பார்த்தார். அவருக்குப் புரியாமல் இல்லை.

"இதைப் போட்டா மாத்துற நேரத்துல நிஜமாவே தப்பிக்கிற எண்ணெயும் கணக்குல சேரும், ஜெசிந்தா. சராசரி எல்லையைத் தாண்டிரும். சான்றிதழை வாபஸ் வாங்கிட்டு வாசலையே புதுசா வடிவமைக்கணும். நாப்பதாயிரம் வள்ளம். நாலு பேர் விக்கலுக்காக அவ்வளவையும் நிறுத்தச் சொல்றியா?"

விக்கல் இல்லை சார், அணைந்துவிடும் என்றேன். வேகத்தில் மாற்ற வேண்டாம் என்று சொல்லிக்கொள்ளலாம், அடுத்த மாடலில் பார்ப்போம் என்றார். எழுத்தில் ஒன்றும் இல்லை. எல்லாம் அந்த அறைக்குள் பேசி, அந்த அறைக்குள்ளேயே முடிந்தது. யாருக்கும் அவர் சொல்லவும் இல்லை. நான் ரெமிஜியிடம் மட்டும் சொன்னேன். கரையலையில் மண்ணெண்ணெயில் ஏறச் சொல்லுதியா, நல்லாப் படிச்சே போ என்று தலையில் தட்டிவிட்டுப் போனான்.

ஆடி மாதக் காற்று அன்றைக்கு. கரையில் நின்றவர்கள் எல்லோரும் பார்த்தார்கள். பெரிய அலை பின்னால் எழும்பி வர, ரெமிஜி முழு வேகத்தில் வைத்துத் திருகைத் திருப்பியிருக்கிறான். எஞ்சின் நின்றுவிட்டது. வள்ளம் பக்கவாட்டில் திரும்பி அலைக்கு வயிற்றைக் காட்டியது. ததேயு அண்ணன் தோள் எலும்பு முறிந்து கரையில் வந்து விழுந்தார். ரெமிஜியின் தலையில் வள்ளமே விழுந்தது. நீந்தத் தெரிந்தவன், கோயில் மணி கேட்கிற தூரத்தில் செத்தான்.

எல்லா நிழலும் தன் கணக்கை வினாடிக்கு வினாடி கம்பெனிக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். அடக்கம் முடிந்து வேலைக்குத் திரும்பிய அன்று, என் அண்ணனின் நிழலைத் திறந்து ஓடவிட்டேன். திரையில் எஞ்சினின் உள்வயிறு தெரிந்தது. புதுக்கலவை நீலம், எரிந்த புகை சிவப்பு. இதே படத்தை ஆயிரம் தடவை பார்த்தவள் நான். அன்றைக்கு நீலத்தின் ஓட்டத்தில் அண்ணனின் கை தெரிந்தது. இதோ வேகத்தைக் கூட்டுகிறான். இதோ திருகைத் திருப்புகிறான், நீலத்தின் ஓரம் வெளுக்கிறது. இதோ நிழல் மிச்சத்தைத் தப்பிய எண்ணெய் என்று எழுதுகிறது. அணைகிறது.

அதற்கப்புறமும் படம் முடியவில்லை. கார்டுக்குத் தனி பேட்டரி உண்டு. எஞ்சின் அணைந்த பிறகும், அதைக் கிளப்புகிற கயிற்றை இழுத்தால் காற்று உள்ளே போய் வரும், அதையும் நிழல் கணக்கில் எடுத்துக்கொள்ளும். நீலம் ஒரு வீச்சு உள்ளே வந்தது, வெளியே போனது. கயிற்றை இழுக்கிறான். மறுபடி ஒரு வீச்சு. மறுபடி. நெருப்புப் பற்றவிடாமல் நிழல் பிடித்துக்கொண்டிருக்க, என் அண்ணன் இழுத்துக்கொண்டே இருந்தான். கடைசி இழுப்பு பாதியில் நின்றது.

அதே வாரம் தயாபரன் பத்திரிகைக்காரர்களைக் கூப்பிட்டுப் பேசினார். நிழல் பொய் சொல்லாது, இவ்வளவு எண்ணெய் தப்பியதாக அது எழுதியிருக்கிறது என்றால் எரிபொருளில் கலப்படம் இருந்திருக்கிறது, கலப்படம் செய்தால் யாரும் பொறுப்பாக முடியாது என்றார். இறந்தவருக்காக வருந்துவதாகவும் சொன்னார். சட்டப்படி அவர் பேச்சில் ஓட்டையே இல்லை. நிழல் அப்படித்தான் எழுதியிருந்தது. நான் காட்டுகிற எதுவும் செத்தவனின் தங்கச்சி காட்டுகிறது என்றுதான் ஆகும். அவருக்கு முன்னமே தெரியும் என்பதற்கு அவர் வாயைத் தவிர வேறு சாட்சியில்லை. புன்னைத்துறையில் என் அண்ணனுக்குக் கலப்படக்காரன் என்று பெயர் வந்தது. அடுத்த ஊரிலிருந்து துக்கம் கேட்க வந்தவர்கள்கூட, எண்ணெய் எங்கே வாங்கினார் என்று அவன் மனைவி எமில்டா மதினியிடம் விசாரித்துவிட்டுப் போனார்கள்.

நான் வேலையை விடவில்லை. ராஜினாமா செய்து மூஞ்சியைத் திருப்பிக்கொண்டு போவது அவருக்கு நான் செய்கிற உபகாரம். தினமும் குட்மார்னிங் சொன்னேன். அவர் கொடுத்த ஆறுதலையெல்லாம் வாங்கிக்கொண்டேன். உள்ளே எரிந்ததை வெளியே விடாமல் வைத்துக்கொள்ளும் வித்தையை அந்த மாதங்களில் நன்றாகவே கற்றுக்கொண்டேன்.

எங்கள் கரையில் நிழல் எஞ்சினைத் தொட மாட்டோம் என்று மீனவர் சங்கத்தில் தீர்மானம் போட்டார்கள். கம்பெனிக்குத் தலைவலியாகிவிட்டது. அப்போதுதான் நான் போய்த் தயாபரனிடம் சொன்னேன்.

"நீங்களே ஒரு தடவை வள்ளத்துல ஏறி, போயிட்டு வந்து காட்டினா அப்புறம் பேசறதுக்கு ஆளே இருக்காது சார். ததேயுவே ஓட்டட்டும். தப்பிப் பிழைச்ச ஆள் உங்களை ஏத்திட்டுப் போறாருன்னா அந்தப் படம் ஒண்ணு போதும்."

அவர் முகம் மலர்ந்ததை நான் பார்க்க வேண்டியிருந்தது. நல்ல யோசனை என்றார். ட்ரோன் வைத்து நேரலை, கரையில் பெரிய திரை, சட்டையில் மைக் என்று அவரே ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டார். நான் ஒன்றும் சேர்க்கவில்லை.

ததேயு அண்ணனிடமும் மதினியிடமும் திட்டத்தைச் சொன்னேன். திரும்பி வரும்போது கரையலைக்கு முன்னால், தயாபரன் பார்க்கும்படியாகத் ததேயு அண்ணன் திருகில் கை வைக்க வேண்டும். திருப்ப வேண்டாம், வைத்தால் போதும். வேகத்தில் மாற்றினால் என்ன ஆகும் என்று தெரிந்தவன் அதற்கு மேல் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்க முடியாது. அவருக்குத் தெரியாது என்றால் பேசாமல் வருவார். தெரியும் என்றால் கத்துவார். ஊரே கேட்கும்.

ததேயு அண்ணன் தோளைத் தடவிக்கொண்டிருந்தார். மதினிதான் பேசினாள்.

"அவன் பயந்தாப் போதுமா ஜெசிந்தா? எனக்குப் போதாது. திருப்பட்டும். அவனும் அந்தத் தண்ணியக் குடிக்கட்டும்."

எனக்கும் போதாதுதான். நிகழ்ச்சிக்கு முந்தின நாள் மதியம், வள்ளத்தின் எஞ்சினைச் சரிபார்க்கிறேன் என்று தனியாகப் போய் நின்றேன். அதில் இருந்தது என் அண்ணனைக் கொன்ற அதே நிழல். தொடாமல் விட்டுவிட்டு வந்தால் போதும், மீதியைக் கடல் பார்த்துக்கொள்ளும். சட்டமும் அவர் எழுதிய சட்டம். எரிபொருளில் கலப்படம் என்று அதுவே சாட்சி சொல்லும். அதை நினைக்க எவ்வளவு இனித்தது என்று எனக்குத்தான் தெரியும். ஆனால் அந்த வள்ளத்தில் ததேயு அண்ணன் இருப்பார், அதுவும் முழுசாகக் கூடாத தோளோடு. திட்டப்படி அவர் திருப்ப மாட்டார், ஆனாலும் அலையில் கை பட்டுத் திரும்பிவிடலாமே. பழைய நிழலை அழித்துவிட்டு, தயாபரன் வேண்டாம் என்று சொன்ன என் திருத்தத்தை ஏற்றினேன். இனி திருகைத் திருப்பினாலும் எஞ்சின் நிற்காது. இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. ஆபத்தில்லை என்று தெரிந்தால் ததேயு அண்ணன் முகம் காட்டிக்கொடுத்துவிடும். தயாபரன் முகம் படிப்பதில் கெட்டிக்காரர்.

மறுநாள் கரை முழுக்கக் கூட்டம். அதிகாரிகள் பந்தலுக்குள், எங்கள் ஆட்கள் வெயிலில். தயாபரன் ஆரஞ்சு நிற மிதவைச் சட்டை போட்டு, கை அசைத்து, சிரித்துக்கொண்டே ஏறினார். போகும்போது ஒரு சிக்கலும் இல்லை. பெட்ரோலில் அலையைத் தாண்டி, ஆழத்துக்குப் போனதும் ததேயு அண்ணன் வேகத்தைத் தணித்து மண்ணெண்ணெய்க்கு மாற்றினார். தயாபரன் தண்ணீரைக் கையில் அள்ளி, இதில் ஒரு சொட்டு எண்ணெய் இல்லை பாருங்கள் என்று ட்ரோனைப் பார்த்துப் பேசினார். நன்றாகத்தான் பேசினார். பந்தலில் கைதட்டினார்கள்.

வள்ளம் திரும்பியது. கரையலை நெருங்க நெருங்க ததேயு அண்ணன் வேகத்தைக் கூட்டினார். பெரிய திரையில் அவருடைய இடது கை திருகை நோக்கிப் போவது தெரிந்தது. தயாபரன் அதைப் பார்த்தார். மைக் எல்லாவற்றையும் கரைக்குக் கொண்டுவந்தது.

"என்ன பண்றீங்க?"

"பெட்ரோலுக்கு மாத்துதேன் சார். கரைக்கு ஏறும்போது மாத்துவோம்லா."

"வேண்டாம். இப்படியே போங்க."

"இப்படியே ஏறாது சார். அலை பின்னால வருது பாருங்க."

தயாபரன் பின்னால் பார்த்தார். வந்துகொண்டிருந்தது. ததேயு அண்ணனின் விரல்கள் திருகைப் பிடித்துக்கொண்டன. தயாபரனின் குரல் மாறியது. அந்தக் குரலை நான் அதற்கு முன் கேட்டதில்லை.

"மாத்தாதய்யா. அணைஞ்சிரும். வேகத்துல மாத்தினா நிழல் அணைச்சிரும், எனக்குத் தெரியும். கையை எடு. உன் ஆள் அப்படித்தான் செத்தான், கையை எடுய்யா."

பந்தலில் யாரோ மைக்கை அணைக்கச் சொன்னார்கள், ஆனால் எது எங்கே இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியவில்லை. என் உடம்பெல்லாம் சிலிர்த்தது. சந்தோஷம்தான், வேறு பெயர் வைக்க நான் தயாரில்லை. எமில்டா மதினி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். திரையில் திருகு திரும்பியதை நான் பார்த்தேனா இல்லையா என்று அந்தக் கணத்தில் எனக்கே நிச்சயமில்லை. தயாபரன் வள்ளத்தின் அடியில் விழுந்து பலகையைக் கட்டிக்கொண்டார். எஞ்சின் நிற்கவில்லை. சத்தம் இன்னும் தடித்து, வள்ளம் அலையின் முதுகில் ஏறி, மணலில் வந்து உரசி நின்றது.

அவரை இரண்டு பேர் பிடித்து இறக்கினார்கள். நடந்து வரும்போது ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே வந்தார். பெரிய திரையில் தன் முகமே தெரிவதைப் பார்த்ததும் சட்டையில் இருந்த மைக்கைத் தொட்டார். என் எதிரே வந்து நின்று அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான், எஞ்சின் ஏன் நிற்கவில்லை என்று. இந்த நேரத்திலும் அதுதான் அவருக்குத் தெரிய வேண்டியிருந்தது.

"உங்ககிட்ட கொண்டுவந்து காட்டினேனே, அந்தத் திருத்தம். அதை ஏத்தியிருந்தேன்," என்றேன்.

அனுமதியில்லாமல் சான்று பெற்ற நிழலைத் தொட்டதற்காக என் மேல் வழக்கு வரும் என்று எனக்குத் தெரியும். வரட்டும். ஆனால் இனிமேல் என் அண்ணனைக் கலப்படக்காரன் என்று சொல்கிறவன், அந்தக் குரலை ஒரு தடவை கேட்டுவிட்டுச் சொல்லட்டும். அதிகாரிகள் தயாபரனைப் பந்தலுக்குள் கூட்டிக்கொண்டு போனார்கள். கூட்டம் அவர் பின்னாலேயே போய்விட்டது. வள்ளத்தின் அருகில் ததேயு அண்ணனும் மதினியும் மட்டும் நின்றார்கள்.

போய்ப் பார்த்தேன். திருகு பெட்ரோல் பக்கம் இருந்தது. அலையில் தவறிப்போய்ப் பட்டுத் திரும்பவில்லை. கடைசிவரை இறுக்கித் திருப்பியிருந்தது.

நிழலை மாற்றியிருந்ததை அப்போதுதான் ததேயு அண்ணனிடம் சொன்னேன். அப்படியா என்றார். அதற்காகச் சந்தோஷப்பட்டதாகவும் தெரியவில்லை, வருத்தப்பட்டதாகவும் தெரியவில்லை.

"கையை வெச்சாப் போதும்னுதான அண்ணே சொன்னேன். அவர்தான் வாயைத் திறந்து சொல்லிட்டாரே. அதுக்கப்புறம் ஏன் திருப்பினிய?"

அவர் கயிற்றைச் சுருட்டியபடியே பதில் சொன்னார்.

"அதுவரைக்கும் அந்த மனுசனுக்குத் தெரியாமக்கூட நடந்திருக்கலாமேன்னு எனக்கு ஒரு சந்தேகம் இருந்துது தங்கச்சி. சொல்லாம இருந்திருந்தான்னா திருப்பியிருக்க மாட்டேன். சொன்னான். திருப்பினேன்."

மதினி அவர் முகத்தைப் பார்க்கவில்லை, மணலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு பந்தலுக்குப் போய், ததேயு அண்ணனுக்குத் தண்ணீர் வாங்கி வந்து கொடுத்தாள். அவர் அதைக் குடித்துவிட்டு, வள்ளத்தை மேட்டுக்கு ஏற்ற ஆள் கூப்பிடப் போனார்.